வாழ்த்துச் செய்திக்கு இடமில்லாத புத்தகம்

பதுளை, ஹாலிஎல, பசறை, லுணுகலை, மடுல்சீமை, தெமோதரை, நமுனுகுலை, அப்புத்தளை, கொஸ்லந்தை பக்கத்துத் தோட்டங்களில் கோயில் மலர், பாடசாலை மலர், கழக மலர் என்று ஏதோ ஒன்றுக்குக் குழு அமைத்து உட்கார்ந்திருக்கும் இளைஞர்களுக்கும், ஆலோசகர் என்று இழுத்து வந்து நடுவில் உட்கார வைக்கப்பட்ட ஆசிரியர்களுக்கும் ஒரு திறந்த மடல்.



மலர்க் குழுவின் தலையெழுத்து உங்களுக்குத் தெரிந்ததுதான். முதல் கூட்டத்துக்கு வாசிகசாலை நிறைய ஆள் வரும். தோட்டத்தின் வரலாற்றை எழுத வேண்டும், கூத்துப் பாட்டுகளைச் சேர்க்க வேண்டும், பென்ஷன் வயதைத் தாண்டிய பெரியவர்களிடம் பேட்டி எடுக்க வேண்டும் என்று நல்ல யோசனைகள் எல்லாம் அந்த முதல் ஒரு மணி நேரத்திலேயே வந்துவிடும். டவுனில் அச்சகத்தில் கேட்டு எஸ்டிமேட் வந்ததும் பேச்சு காசுக்கு மாறும். காசுக்கு விளம்பரம் வேண்டும். விளம்பரம் தருபவருக்கு ஒரு வாழ்த்துச் செய்தி வேண்டும். அவருடைய செய்தி போட்டால் இவர் கோபித்துக்கொள்வார், இவருடையதும் போட வேண்டும். அமைச்சரின் செய்தி வரும் வரை மொத்த வேலையும் நிற்கும். கடைசியில் புத்தகம் கைக்கு வரும்போது முன்பாதியில் ஆசியுரை, அருளுரை, வாழ்த்துரை. பின்பாதியில் நகைக்கடையும் புடவைக்கடையும். இரண்டுக்கும் இடையில் ஒடுங்கிப்போய்க் கிடப்பதுதான் உங்கள் தோட்டம்.

அப்படியாவது வந்துவிட்டால் அதிர்ஷ்டம். வராமலே போன மலர்களின் எண்ணிக்கையைப் பெரிய பரணில்தான் தேட வேண்டும்.

இந்த மடல் உங்கள் முன் வைப்பது சின்ன யோசனை. பெரிய மலர் வருகிறபோது வரட்டும். அதற்கு முன்னால், பாடசாலை கம்ப்யூட்டரில் இருக்கும் வேர்ட் மென்பொருளையும் டவுன் கொமியூனிகேஷனில் இருக்கும் போட்டோகொப்பி மெஷினையும் வைத்து 16 பக்கத்தில் மடித்துப் பின் அடித்த ஒரு புத்தகம் போடுங்கள். நான்கு தாள் போதும். 500 தாள் கொண்ட ஒரு கட்டில் 125 பிரதி கிடைக்கும். அதே 16 பக்கத்தை ஏ4 தாளில் ஒரு பக்கத்துக்கு ஒரு தாள் என்று அடித்தால் அந்தக் கட்டில் 31 பிரதிக்கு மேல் தேறாது. 2022 மார்ச்சில் காகிதம் இல்லாமல் மேல் மாகாணப் பாடசாலைகளின் தவணைப் பரீட்சையே தள்ளிப்போனதையும், ஐலண்ட், திவயின பத்திரிகைகள் சனிக்கிழமைப் பதிப்பை நிறுத்தியதையும் மறக்காதவர்களுக்கு இந்தக் கணக்கின் அருமை தெரியும்.

இதைச் சின்ன வேலை என்று நினைத்துவிட வேண்டாம். தமிழ் எழுத்தில் அச்சான முதல் புத்தகமே 16 பக்கம்தான். 1578 ஒக்டோபர் 20ஆம் திகதி கொல்லத்தில் அச்சான ‘தம்பிரான் வணக்கம்’ உள்ளங்கையில் அடங்கும் புத்தகம். அதன் பிரதி ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. 16 என்ற எண்ணிலும் விசேஷம் இருக்கிறது. ஒரு பெரிய தாளை ஒருமுறை மடித்தால் 4 பக்கம், இரண்டாம் முறை 8, மூன்றாம் முறை 16. சென்னையில் குஜிலி பஜாரிலிருந்து ஊர் ஊராகப் போன காலணாப் பாட்டுப் புத்தகங்களும் பெரும்பாலும் 8 பக்கத்தோடு நின்றதற்கு இந்த மடிப்புத்தான் காரணம். கொலை, வெள்ளம், ரயில் விபத்து, காந்தியின் வருகை எல்லாம் அந்த எட்டுப் பக்கத்தில் பாட்டாக ஓடின. மாடமாளிகைப் பதிப்பகங்கள் அவற்றைப் புத்தகமாகவே மதிக்கவில்லை. பின்னாளில் அவற்றுக்காக ஆய்வாளர் ஆ. இரா. வேங்கடாசலபதி ‘முச்சந்தி இலக்கியம்’ என்று தனி நூலே எழுத வேண்டி வந்தது.

மலையகத்துக்குக் கதை இன்னும் நெருக்கம். இங்கே காகிதம் என்பது நெடுங்காலம் மேலிருந்து கீழே இறங்கி வந்த சாமான். ஒரு தோட்டத்தை விட்டு இன்னொரு தோட்டத்துக்குப் போக வேண்டுமானால், ஆளின் கடன் இவ்வளவு என்று குறித்துத் துரை கொடுக்கும் ‘துண்டு’ வேண்டும். அந்தக் கடனைப் புதுத் தோட்டம் ஏற்றால்தான் ஆள் நகர முடியும். 1921இல் சட்டம் போட்டுத்தான் அந்த முறையை ஒழித்தார்கள். செக்ரோல், சம்பளச் சீட்டு, நோட்டீஸ் பலகையில் குத்திய சுற்றறிக்கை என்று மற்றக் காகிதங்களும் ஆபீசிலிருந்து வந்தவைதான். தொழிலாளி கையெழுத்துப் போட்டது அல்லது பெருவிரல் வைத்தது மட்டும் உண்டு.

தோட்டத்தைப் பற்றி முதலில் எழுதப்பட்ட பாட்டும் ஒரு வகையில் மேலிருந்து வந்ததே. ஆபிரகாம் ஜோசப் எழுதிய ‘கோப்பிக் கிருஷிக் கும்மி’ 1869இல் யாழ்ப்பாணத்தில் அச்சானது. கோப்பி பயிரிடுவது எப்படி என்பதைக் கும்மி மெட்டில் சொன்ன புத்தகம் அது. மலையக இலக்கியத்தின் தொடக்கத்தைத் தேடுகிறவர்கள் அங்கிருந்துதான் ஆரம்பிக்கிறார்கள். வேடிக்கை என்னவென்றால், கோப்பியை இலங்கையில் அடியோடு அழித்த இலைத் துரு நோய் அதே 1869இல் முதலில் கண்ணில் பட்டது உங்கள் மடுல்சீமையில்.

கீழிருந்து எழுந்த காகிதத்துக்கு 1920களும் 30களும் வர வேண்டியிருந்தது. தஞ்சாவூரிலிருந்து வந்த கோ. நடேசய்யர் பத்திரிகை நடத்தினார், 1931இல் தோட்டத் தொழிலாளருக்குச் சங்கம் அமைத்தார். வெளியார் காலடி வைக்க முடியாத தோட்டங்களுக்குள் துணி வியாபாரி போலப் புகுந்து பார்த்தார் என்பது மலையகத்தில் பலமுறை சொல்லப்பட்ட கதை. அவருடைய மனைவி மீனாட்சியம்மாள் கூட்டம் தொடங்குமுன் மேடையில் பாடுவார். நீண்ட பேச்சுக்கு அசையாத சனம் அந்தப் பாட்டுக்கு நின்றது. அந்தப் பாட்டுகள் துண்டுப் பிரசுரமாகவும் சிறு புத்தகமாகவும் தோட்டங்களுக்குள் போயின. ‘இந்தியர்களது இலங்கை வாழ்க்கையின் நிலைமை’ என்ற அவருடைய பாட்டுப் புத்தகம் 1940இல் வந்தது. தலைப்புத்தான் அறிக்கை மாதிரி, உள்ளே இருப்பது சினிமா மெட்டிலும் நாட்டார் மெட்டிலும் பாடக்கூடிய பாட்டு. அதற்குப் பிறகும் பல காலம், சம்பள நாள் சந்தையில் பாடிப் பாடிப் பாட்டுப் புத்தகம் விற்றவர்கள் இருந்தார்கள். வாங்குகிறவர் மடித்துச் சட்டைப் பைக்குள்ளோ மடிக்குள்ளோ வைத்துக்கொண்டு லயத்துக்குப் போவார். வாசிக்கத் தெரிந்த ஒரு பிள்ளை வாசிக்க, நாலு காம்பராவும் கேட்கும். பெரிய மலர் அலுமாரிக்குள் போகிற புத்தகம். சின்னப் புத்தகம் மடிக்குள் போகிறது. மடிக்குள் போகிறதைத்தான் சனம் படிக்கிறது.

இனி வேலைக்கு வருவோம்.

சிக்கல் எழுத்திலும் இல்லை, காசிலும் இல்லை, பக்க ஒழுங்கில் இருக்கிறது. 16 பக்கத்தை வரிசையாக டைப் செய்து, ஒரு தாளில் இரண்டு பக்கமாக அடித்து மடித்தால், பக்கங்கள் வரிசை குலைந்து நிற்கும். இது ஏன் என்று கம்ப்யூட்டரைத் தொடுமுன்னே கையால் பார்த்துவிடுவது நல்லது. அச்சகத்தார் இதற்கு ‘டம்மி’ என்பார்கள். நான்கு வெற்றுத் தாளை ஒன்றுக்குள் ஒன்றாக மடித்துக் கொப்பி போலப் பிடித்துக்கொண்டு, முன் அட்டையிலிருந்து ஆரம்பித்து மூலையில் 1, 2, 3 என்று 16 வரை பென்சிலால் போடுங்கள். இப்போது தாள்களைப் பிரித்து மேசையில் விரியுங்கள். வெளித் தாளின் ஒரு முகத்தில் 16உம் 1உம் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும், மறு முகத்தில் 2உம் 15உம். அடுத்த தாளில் 14உம் 3உம், பின்னால் 4உம் 13உம். மூன்றாம் தாளில் 12, 5 - 6, 11. நடுத் தாளில் 10, 7 - 8, 9. எந்த முகத்தைப் பார்த்தாலும் இரண்டு எண்ணையும் கூட்டினால் 17. இந்தக் கூட்டல் ஒன்று கைவந்துவிட்டால் எந்த மென்பொருளும் உங்களை ஏமாற்ற முடியாது. 12 பக்கப் புத்தகம் என்றால் 13, 20 பக்கம் என்றால் 21. பக்க எண்ணிக்கை எப்போதும் நான்கால் வகுபட வேண்டும், ஒரு தாளில் நான்கு பக்கம் இருப்பதால். 14 பக்கத்துக்குத்தான் விஷயம் இருக்கிறதென்றால் இரண்டு பக்கத்துக்கு மேலும் ஏதாவது தேடுங்கள், அல்லது 12க்குச் சுருக்குங்கள். சுருக்குவதே பெரும்பாலும் நல்லது.

வேர்டில் இதை மென்பொருளே பார்த்துக்கொள்ளும். லேஅவுட்டில் பேஜ் செட்டப் பெட்டியைத் திறந்தால் மார்ஜின்ஸ் பகுதியில் ‘மல்டிபிள் பேஜஸ்’ என்று ஒரு தெரிவு இருக்கும். அதில் ‘புக் ஃபோல்ட்’ என்பதை எடுத்ததும் தாள் தானாகக் குறுக்கே திரும்பிக்கொள்ளும், ஏ4இன் பாதியான ஏ5 உங்கள் பக்கமாகிவிடும். கீழே ‘ஷீட்ஸ் பர் புக்லெட்’ என்று கேட்பதை ‘ஆல்’ என்றே விடுங்கள். மடிப்புப் பக்கம் எழுத்து உள்ளே புதையாமல் இருக்க ‘கட்டர்’ என்பதில் கொஞ்சம் இடம் கூட்டுங்கள். பேப்பர் பகுதியில் ஏ4 என்று இருக்கிறதா என்றும் பாருங்கள். அமெரிக்க அமைப்பில் நிறுவிய கம்ப்யூட்டரில் ‘லெட்டர்’ தாள் ஒளிந்திருக்கும். அது அகலத்தில் கூட, நீளத்தில் குறைய என்பதால் வரிகள் ஓரத்தில் வெட்டுப்படும். முக்கியமான விஷயம், இதையெல்லாம் டைப் செய்யத் தொடங்குமுன் வெற்றுப் பக்கத்தில் செய்துவிட வேண்டும். 30 பக்கம் ஏ4இல் படமும் அட்டவணையுமாக அடித்து முடித்துவிட்டு ‘புக் ஃபோல்ட்’டை அழுத்தினால் படம் ஒரு பக்கம் ஓடும், தலைப்பு ஒரு பக்கம் ஓடும்.

காசு கட்டி வாங்காத லிப்ரே ஆபீஸ் வைத்திருப்பவர்களுக்கு வழி இன்னும் சுருக்கம். பக்கத்தை ஏ5 என்று வைத்து எழுதிவிட்டு, பிரிண்ட் பெட்டியில் பேஜ் லேஅவுட்டின் கீழ் ‘பிரோஷர்’ என்பதைத் தட்டினால் போதும். கம்ப்யூட்டரே இல்லை, ஃபோன்தான் இருக்கிறது என்பவர்களும் ஒதுங்கி நிற்க வேண்டியதில்லை. மலேசியாவின் முத்து நெடுமாறன் உருவாக்கிய செல்லினம் போன்ற விசைப்பலகை ஃபோனில் இருந்தால் கூகிள் டொக்சில் டைப் செய்யலாம். அங்கே புத்தக மடிப்புத் தெரிவு கிடையாது. அதனால் ஏ5 அளவில் பீடிஎஃப் ஆக இறக்கிக்கொண்டு, கடையில் அடோபி ரீடரில் திறக்கச் சொல்லி பிரிண்ட் பெட்டியில் ‘புக்லெட்’ என்பதை அழுத்தச் சொல்லுங்கள். தமிழ் இடமிருந்து வலம் ஓடுவதால் ‘பைண்டிங்’ இடப்பக்கம் இருக்க வேண்டும்.

அடுத்த கண்ணி, தாளின் இரண்டு முகத்திலும் அடிப்பது. மெஷின் தானாகத் தாளைத் திருப்புமானால் அது இரண்டு கேள்வி கேட்கும்: நீண்ட ஓரத்தில் திருப்பவா, குறுகிய ஓரத்தில் திருப்பவா? புத்தகத்துக்கு எப்போதும் குறுகிய ஓரம், அதாவது ‘ஷார்ட் எட்ஜ்’. குறுக்கே கிடக்கும் தாளில் மடிப்பு குறுகிய ஓரத்துக்கு இணையாக ஓடுகிறது என்பதால் தாளும் அந்தப் பக்கமாகத்தான் புரள வேண்டும். நீண்ட ஓரத்தைத் தெரிந்தால் ஒரு பக்கம் நேராகவும் மறுபக்கம் தலைகீழாகவும் வரும். பதுளை டவுனின் போட்டோகொப்பிக் கடைகளுக்குப் பின்னால் கிழித்துப் போட்ட தாள்களில் பாதி இந்தப் பிழைக்குப் பலியானவையாகத்தான் இருக்கும். தானாகத் திருப்பாத மெஷின் என்றால் முதலில் முன் முகங்களை மட்டும் அடித்து, அதே அடுக்கை மறுபடி தட்டில் வைத்துப் பின் முகங்களை அடிக்க வேண்டும். அடுக்கை எந்தப் பக்கமாகத் திருப்பி வைப்பது என்பது ஒவ்வொரு மெஷினுக்கும் ஒவ்வொரு மாதிரி. ஒரே ஒரு தாளில் மூலைக்கு அம்புக்குறி போட்டுப் பரிசோதித்துவிட்டு மீதியைப் போடுங்கள். 125 பிரதியையும் பிரிண்டரில் அடிக்க வேண்டியதுமில்லை. நான்கு தாளைச் சுத்தமாக ஒருமுறை எடுத்தால் மீதியை இரண்டு பக்கப் போட்டோகொப்பி பார்த்துக்கொள்ளும். பரீட்சைத் தாள் அடிக்கும் ரிசோவோ டூப்ளோவோ பாடசாலையில் இருந்து, அதிபரும் மனம் வைத்தால் செலவு இன்னும் இறங்கும்.

எழுத்துருவைப் பற்றியும் ஒரு வார்த்தை. இலங்கையில் டைப் தெரிந்த பழைய கை பெரும்பாலும் பாமினியில் பழகிய கை. பாமினியில் அடித்த கோப்பை அந்த எழுத்துரு இல்லாத கடைக் கம்ப்யூட்டரில் திறந்தால் உங்கள் தோட்டத்து வரலாறு முழுவதும் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகச் சிதறிக் கிடக்கும். புதிதாகத் தொடங்குகிறவர்கள் யூனிகோடில் தொடங்குங்கள். விண்டோசில் நிர்மலா இருக்கவே இருக்கிறது, இலங்கையின் தரப்படுத்திய ரெங்கநாதன் விசைப்பலகையையும் போட்டுக்கொள்ளலாம். எதில் அடித்தாலும் கடைக்குக் கொண்டு போவது பீடிஎஃப் ஆக இருக்கட்டும், எழுத்துரு அதற்குள்ளேயே கூட வரும். வட்ஸ்அப்பில் அனுப்புவதென்றால் ‘டொக்யுமென்ட்’ ஆக அனுப்புங்கள். பக்கத்தை ஃபோட்டோ எடுத்து அனுப்பினால் எழுத்து மங்கும்.

ஏ5 பக்கம் ஒடுக்கமானது, தமிழ்ச் சொல்லோ நீளமானது. இரண்டு ஓரத்தையும் நேராக்கும் ‘ஜஸ்டிஃபை’யை அழுத்தினால் வரிக்குள் பெரிய பெரிய ஓட்டை விழும். இடப்பக்கம் மட்டும் நேராக விட்டால் அழகாக இருக்கும். பாட்டு வரி ஒன்று மடிந்து அடுத்த வரிக்குப் போகாத அளவுக்கு எழுத்தைச் சிறிதாக்கலாம், ஆனால் பெரியவர்களும் படிக்க வேண்டும் என்பதால் 11 புள்ளிக்குக் கீழே போகாதீர்கள்.

மடிப்பதற்கு ஒரு கரண்டியின் முதுகே போதும். நான்கு தாளையும் ஒன்றாக அடுக்கி, ஓரங்களைத் தட்டி நேராக்கி, நடுவில் மடித்துக் கரண்டியால் அழுத்தி இழுங்கள். ஏ4 தாளின் இழை பெரும்பாலும் நீளவாட்டில் ஓடும், நீங்கள் மடிப்பது அதற்குக் குறுக்கே. அதனால் கையால் மட்டும் மடித்தால் புத்தகம் வாயைத் திறந்துகொண்டு நிற்கும். நமுனுகுலை, அப்புத்தளைப் பக்கம் மழைக்காலத்தில் தாள் ஈரத்தை இழுத்து மெஷினில் சிக்கும் தொல்லையும் உண்டு. கட்டைக் கடைசி நேரம் வரை பிரிக்காமல் பொலித்தீனிலேயே வைத்திருங்கள். சாதாரண ஸ்டேப்ளர் மடிப்பு வரை எட்டாது. நீளக்கை ஸ்டேப்ளர் கிடைத்தால் நல்லது. கிடைக்காவிட்டால் ஸ்டேப்ளரை விரித்து, புத்தகத்தின் அடியில் பழைய ரப்பர் செருப்பை வைத்து, மடிப்பின் மேல் பின்னை அழுத்தி, பிறகு செருப்பிலிருந்து உருவிக் கம்பி முனைகளைக் கரண்டியால் உள்பக்கம் மடக்குங்கள். பின் துருப்பிடிக்கும் என்று நினைப்பவர்கள் தைத்துவிடலாம். மடிப்பில் மூன்று துளை. உள்ளிருந்து நடுத் துளையால் வெளியே வந்து, மேல் துளையால் உள்ளே போய், நடுவைத் தாண்டிக் கீழ்த் துளையால் வெளியே வந்து, மறுபடி நடுவால் உள்ளே வந்து முடிச்சு. சாக்கு ஊசி பிடித்த கைகளுக்கு இது விளையாட்டு.

இந்த வழிக்கும் எல்லை உண்டு. தாள் கூடக் கூட உள்தாள்கள் வெளியே துருத்தும், ஓரத்தை வெட்ட வேண்டிவரும். ஏறத்தாழ 48 பக்கத்தைத் தாண்டினால், அல்லது பிரதி பல நூறு வேண்டுமென்றால், அச்சகத்துக்கே போய்விடுங்கள். அப்போதும் டம்மியைக் கையில் கொண்டு போகிற வாடிக்கையாளருக்கு அங்கே கிடைக்கும் மரியாதையே வேறு.

சின்னப் புத்தகத்தை நம்பியது நாம் மட்டுமல்ல. பிரேசில் நாட்டின் வடகிழக்கில் இதே மாதிரி 8, 16, 32 பக்கப் பாட்டுப் புத்தகங்களைச் சந்தையில் கயிற்றில் தொங்கவிட்டு விற்றார்கள். கயிற்றின் பெயராலேயே அவற்றைக் ‘கோர்தெல்’ என்கிறார்கள். அட்டையில் மரக்கட்டை வெட்டுப் படம், உள்ளே வறட்சி, கொள்ளைக்காரன், தேர்தல், காதல். படித்தவர்கள் ஏளனம் செய்த அந்தச் சந்தைச் சரக்கை 2018இல் பிரேசில் அரசு தேசியப் பண்பாட்டு மரபாகப் பதிவு செய்தது. அங்கே புத்தகத்தை எழுதியவரே அச்சடித்தார், அவரே பாடி விற்றார். மீனாட்சியம்மாளைப் போல என்று சொன்னால் தவறில்லை.

அப்படியானால் 16 பக்கத்தில் என்ன போடுவது? மாசி மாதம் காமன் கூத்து ஆடும் தோட்டமாக இருந்தால் தேடவே வேண்டாம். கூத்து வாத்தியாரிடம் பழைய மொனிட்டர்ஸ் கொப்பி ஒன்று இருக்கும். அட்டை போயிருக்கும், எண்ணெய்க் கறை இருக்கும், பாதிப் பாட்டு அவர் தலைக்குள்தான் இருக்கும். ரதி மதன் தர்க்கத்தில் எரிந்த கட்சி, எரியாத கட்சிப் பாட்டுகளை மட்டும் எடுத்தாலே ஒரு புத்தகம் தேறும். பொன்னர் சங்கர், அருச்சுனன் தபசு இரண்டும் அடுத்தடுத்த ஆண்டுகளுக்கு. கொப்பியின் சில பக்கங்களை அவருடைய கையெழுத்திலேயே ஃபோட்டோ பிடித்துச் சேர்த்தால் இன்னும் சிறப்பு. டைப் செய்ய ஆள் இல்லாவிட்டால் முழுக் கொப்பியையும் அப்படியே ஏ5 அளவுக்குக் குறைத்து, டம்மியின் ஒழுங்கில் ஏ4 தாளில் ஒட்டிப் போட்டோகொப்பி எடுக்கலாம். கம்ப்யூட்டர் வருமுன் ரோனியோவிலும் டைப்ரைட்டரிலும் கையெழுத்து இதழ்கள் நடத்தியவர்களுக்கு ஒட்டுப்போடும் வேலை ஒன்றும் புதிதில்லை.

இன்னொன்று அவசரமானது. 2014 ஒக்டோபர் 29 காலை கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண் சரிந்து லயங்களை மூடியது. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கையை மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என மூன்று படியில் விடுக்கிறது. 24 மணி நேரத்தில் 75 மில்லிமீட்டர் மழை என்றால் விழிப்பு, 100 என்றால் ஆயத்தம், 150 என்றால் அல்லது ஒரே மணி நேரத்தில் 75 கொட்டினால் வெளியேற வேண்டும். இதை இரண்டு தாளில் எட்டுப் பக்கமாக மடிக்கலாம். கொழும்பிலிருந்து வரும் சுவரொட்டியில் பொதுவான செய்தி மட்டும் இருக்கும். எந்த லயத்தின் பின்சுவரில் வெடிப்பு இருக்கிறது, எந்தக் காம்பராவில் நடக்க முடியாத பாட்டி படுத்திருக்கிறார், இரவில் எந்தப் பாதையால் ஏறினால் பாடசாலைக்குப் போகலாம் என்பதெல்லாம் உங்களுக்கு மட்டும்தான் தெரியும். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117, சுவசெரிய அம்புலன்சின் 1990, தோட்டத்துத் தலைவரின் நம்பர் மூன்றும் பின் அட்டையில் கொட்டை எழுத்தில் இருக்கட்டும்.

வரலாறு வேண்டுமென்றால் வெவெஸ்ஸ தோட்டம் இருக்கிறது. 1940 வேலைநிறுத்தத்தில் அங்கே தொழிலாளர் தாங்களே தெரிந்தெடுத்த குழுவோடு கலந்துபேசி நடக்கத் துரை உடன்பட நேர்ந்தது, ஆயுதத்தோடு வந்த பொலிஸையே தொழிலாளர் நிராயுதபாணியாக்கினார்கள் என்று இடதுசாரி வரலாறுகள் சொல்கின்றன. பதுளைக்கு இவ்வளவு பக்கத்தில் நடந்ததை அந்தப் பக்கத்துப் பிள்ளைகள் ஆராய்ந்து எழுதினால் எப்படி இருக்கும்! 1964 ஒக்டோபர் 30இல் கையெழுத்தான சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தால் 5,25,000 பேர் இந்தியாவுக்கு என்று எழுதினார்கள். அந்த எண்ணுக்குள் உங்கள் டிவிஷனிலிருந்து போன குடும்பங்கள் எவை, யார் யார் தலைமன்னார் ரயில் ஏறினார்கள் என்பதைச் சொல்லக்கூடிய வாய்கள் ஆண்டுக்கு ஆண்டு குறைந்துகொண்டு வருகின்றன. ஹாலிஎலைப் பக்கத்து ஊவாக்கட்டவளைத் தோட்டத்தில் 1934இல் பிறந்து, தெளிவத்தைத் தோட்டத்தின் பெயரைத் தன் பெயரோடு சேர்த்துக்கொண்டு, ‘காலங்கள் சாவதில்லை’ எழுதிய தெளிவத்தை ஜோசப் 2022இல் மறைந்தார். அந்த இரண்டு தோட்டத்துப் பாடசாலைகளும் அவரைப் பற்றி ஆளுக்கொரு நான்கு பக்கம் போட்டாலே, மறு ஆண்டு சாதாரண தரம் எழுதுகிற பிள்ளைக்கு அவர் யாரென்று தெரியும்.

இதில் எதற்கும் வாழ்த்துச் செய்தி தேவையில்லை. கேட்டு வந்தால், 16 பக்கத்தில் இடமில்லை என்று மரியாதையாகச் சொல்லலாம். அது உண்மையும்கூட.

புத்தகம் முடிந்ததும் ஒரு காரியத்தைத் தவற விடாதீர்கள். பின் அட்டையின் கீழே தோட்டத்தின் பெயர், டிவிஷன், மாதம், ஆண்டு, விலை அல்லது இலவசம் என்ற குறிப்பு, பாட்டையும் தகவலையும் தந்தவர்களின் பெயர் எல்லாவற்றையும் போடுங்கள். பழைய பாட்டுப் புத்தகங்களில் பலவற்றுக்கு ஆண்டே இல்லை, ஆராய்ச்சிக்காரர்கள் மெட்டையும் விலையையும் வைத்துக் காலத்தை ஊகிக்கிறார்கள். ஒரு பிரதி பாடசாலை நூலகத்துக்கு, ஒரு பிரதி பதுளைப் பொது நூலகத்துக்கு. பீடிஎஃப்பை 2005 முதல் ஈழத்து எழுத்துகளைச் சேகரித்து வரும் நூலகம் நிறுவனத்துக்கு அனுப்புங்கள். கோயில் மலரையும் நினைவு மலரையும் துண்டுப் பிரசுரத்தையும் அவர்கள் பெரிய புத்தகங்களோடு சமமாகவே சேர்த்து வைக்கிறார்கள். வேர்ட் கோப்பை ஒருவரின் பென்டிரைவில் மட்டும் வைக்காமல் குழுவின் ஈமெயிலிலும் போட்டு வையுங்கள், பாஸ்வேர்டு செயலாளருக்கு மட்டும் தெரிந்ததாக இருக்க வேண்டாம்.

வெளியீட்டு விழா வைத்தே தீருவது என்றால், சம்பளம் போட்டதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமையாகப் பாருங்கள். கோயில் மண்டபமே போதும். பிரதம விருந்தினராக, பாட்டுக் கொப்பியைத் தந்த கூத்து வாத்தியாரைக் கூப்பிடுங்கள். அவர் பேச மாட்டார், பாடுவார். நேரம் அதிகம் பிடிக்கும் என்பதால் தேநீரை முன்னாலேயே கொடுத்துவிடுவது நல்லது.